இறைச்சி முதலாளிகளை நடுங்க வைத்த எழுத்தாளர்

1904-ம் ஆண்டு. அமெரிக்காவில் உள்ள சிகாகோ நகரம்.

அங்குள்ள பெரிய பெரிய இறைச்சித் தொழிற்சாலைகளுக்குள், தொழிலாளர்களோடு தொழிலாளராக ஒரு வாலிபர் போய் வந்துகொண்டிருந்தார். பழைய சட்டை. கையில் ஒரு சாப்பாட்டுத் தூக்கு. அவரை யாரும் தடுக்கவில்லை. ஏதோ கூலிக்காரன் என்று நினைத்து விட்டுவிட்டார்கள்.

அவர் வந்தது வேலை செய்வதற்கு அல்ல. பார்ப்பதற்கு. பார்த்ததை எல்லாம் எழுதுவதற்கு!

அவர்தான் அப்டன் சிங்க்ளேர். அப்போது அவருக்கு வயது 26. அவர் எழுதிய நாவல், இரண்டே ஆண்டுகளில் அமெரிக்காவின் சட்டத்தை மாற்றியது.

குடிகாரத் தந்தை

சிங்க்ளேர் 1878-ம் ஆண்டு செப்டம்பர் 20-ந்தேதி பால்டிமோர் நகரில் பிறந்தார்.

தந்தை, மது விற்பனை செய்பவர். விற்கிற சரக்கை அவரே குடிக்கவும் தொடங்கினார். குடும்பம் வறுமையில் விழுந்தது. தாயாரோ வசதியான வீட்டுப் பெண். ஆகவே சிறுவன் சிங்க்ளேர் சில நாள் மூட்டைப்பூச்சி கடிக்கும் வாடகை அறையில் தூங்குவான். சில நாள் தாய்வழி உறவினரின் மாளிகையில் தூங்குவான். ஒருவருக்கு ஏன் இவ்வளவு, இன்னொருவருக்கு ஏன் ஒன்றும் இல்லை என்ற கேள்வி சின்ன வயதிலேயே அவன் மனதில் விழுந்துவிட்டது.

தந்தையைப் பார்த்ததால் சிங்க்ளேர் கடைசி வரை மதுவைத் தொடவில்லை.

14 வயது ஆகும்போது நியூயார்க் நகரில் கல்லூரியில் சேர்ந்தார். செலவுக்குப் பணம் வேண்டுமே! நகைச்சுவைத் துணுக்குகள் எழுதிப் பத்திரிகைகளுக்கு விற்றார். பிறகு சிறுவர்களுக்கான வீரக் கதைகள். ஒரே நாளில் 8 ஆயிரம் வார்த்தைகள் கூட எழுதுவார்.

காசுக்கு எழுதிய கதைகள் விற்றன. மனதுக்குப் பிடித்து எழுதிய நாவல்கள் விற்கவில்லை. கல்யாணம் ஆகி, ஒரு மகனும் பிறந்தான். பிரின்ஸ்டன் அருகே ஒரு மரக்குடிலில் குடும்பம் குளிரில் நடுங்கியது.

அப்போது கறுப்பு மக்களின் அடிமை வாழ்வைப் பற்றி அவர் எழுதிய நாவலை, ஒரு சோஷலிஸ்டு வாரப் பத்திரிகையின் ஆசிரியர் படித்தார். அந்த அடிமைகளைப் பற்றி எழுதியவர், இந்தக் காலத்துக் கூலி அடிமைகளைப் பற்றியும் எழுதலாமே என்று கேட்டார். 500 டாலர் முன்பணமும் கொடுத்தார்.

சிங்க்ளேர் சிகாகோவுக்குப் புறப்பட்டார்.

ஏழு வாரம்

சிகாகோவில் ஏழு வாரம் இருந்தார். பகலில் தொழிற்சாலைகளைச் சுற்றுவார். இரவில் தொழிலாளர் வீடுகளில் உட்கார்ந்து கதை கேட்பார். லிதுவேனியா, போலந்து முதலிய நாடுகளில் இருந்து பிழைக்க வந்தவர்கள் அவர்கள். இங்கிலீஷ் பேசத் தெரியாதவர்கள் பலர்.

மாடுகளை அங்கே அறுத்த விதமே ஒரு புதுமை. அறுத்த மாட்டைத் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். மேலே உள்ள தண்டவாளத்தில் அது நகர்ந்துகொண்டே போகும். வரிசையாக நிற்கும் தொழிலாளிகள் ஆளுக்கு ஒரு வெட்டு வெட்டுவார்கள். ஒருவன் தோலை உரிப்பான். ஒருவன் குடலை எடுப்பான். அதற்குள் அடுத்த மாடு வந்துவிடும். நின்று கத்தியைக் கழுவ நேரம் ஏது?

தரை எல்லாம் ரத்தம். காற்றோட்டம் இல்லை. கை கழுவ வசதி இல்லை. காசநோய்க்காரர்கள் இருமி, அங்கேயே துப்பினார்கள். கெட்டுப்போன இறைச்சியை மருந்து போட்டு நாற்றம் போக்கி, மறுபடி டின்னில் அடைத்தார்கள்.

ஊர் திரும்பிய சிங்க்ளேர், 1904-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தில் எழுத உட்கார்ந்தார். நாவலுக்கு அவர் வைத்த பெயர் "காடு". லிதுவேனியாவில் இருந்து வந்த யூர்கிஸ் என்ற ஏழைத் தொழிலாளியும் அவன் குடும்பமும் சீரழிந்த கதை அது. அடுத்த ஆண்டு பத்திரிகையில் தொடர்கதையாக வந்தது.

புத்தகமாகப் போட ஐந்து கம்பெனிகள் மறுத்துவிட்டன. ஆறாவது கம்பெனி, எழுதியிருப்பது உண்மைதானா என்று சிகாகோவுக்கு ஆள் அனுப்பி விசாரித்தது. உண்மை என்று தெரிந்தது. 1906-ம் ஆண்டு பிப்ரவரியில் புத்தகம் வெளிவந்தது.

நாடே கொதித்தது!

ஜனாதிபதி படித்தார்

அப்போதைய ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட். அவர் 1898-ல் கியூபாவில் போர் செய்தவர். சிப்பாய்களுக்கு வந்த டின் இறைச்சி எப்படி இருந்தது என்பது அவருக்கே தெரியும். சிங்க்ளேரின் சோஷலிசக் கொள்கை அவருக்குப் பிடிக்காது. ஆனாலும் இரண்டு பேரைச் சிகாகோவுக்கு அனுப்பி விசாரிக்கச் சொன்னார்.

ஆட்கள் வரப்போவது முதலாளிகளுக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. அவசரம் அவசரமாகச் சுத்தம் செய்தார்கள். அப்படியும் விசாரணைக்காரர்கள் கண்ட காட்சி என்ன? அப்போதுதான் அறுத்த பன்றி ஒன்று நழுவி, கக்கூசுக்குள் பாதி விழுந்தது. அதைத் தூக்கி, கழுவாமலே மறுபடி வரிசையில் தொங்கவிட்டார்கள்!

கொதிக்கும் கொப்பரைகளில் ஆட்கள் விழுந்து, கொழுப்போடு கொழுப்பாகக் கரைந்தார்கள் என்று நாவலில் ஒரு இடத்தில் வருகிறது. அது மட்டும் கடைசி வரை நிரூபிக்கப்படவில்லை. மற்றபடி பெரும்பாலானவை மெய் என்று தெரிந்தது.

1906-ம் ஆண்டு ஜூன் 30-ந்தேதி ரூஸ்வெல்ட் இறைச்சிப் பரிசோதனைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அறுக்கும் முன்னும் அறுத்த பின்னும் சர்க்கார் ஆட்கள் ஒவ்வொரு மாட்டையும் பார்க்கவேண்டும். நல்லது என்று முத்திரை குத்தவேண்டும். தொழிற்சாலை சுத்தமாக இருக்கவேண்டும். செலவுக்குச் சர்க்கார் பணத்தில் ஆண்டுக்கு 30 லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது. முதலாளிகள் தங்கள் பையில் இருந்து கொடுக்கவில்லை.

சிங்க்ளேருக்குச் சந்தோஷம் இல்லை. தொழிலாளியின் துயரத்தைக் கண்டு நாடு அழும் என்று அவர் எண்ணினார். நாடோ தன் சாப்பாட்டை எண்ணித்தான் பதறியது. இருமியவனுக்கு வைத்தியம் பார்க்கவேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. வேலையின் வேகத்தைக் குறை என்றும் சொல்லவில்லை.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

அந்தச் சட்டத்தில் இன்னொரு குறையும் இருந்தது. அது தெரியப் பல பத்து ஆண்டுகள் ஆயின. இன்ஸ்பெக்டர் கண்ணால் பார்ப்பார், மூக்கால் முகருவார், கையால் தொடுவார். நோய்ப்பட்ட மாட்டை இப்படிக் கண்டுபிடிக்கலாம். கிருமியைக் கண்டுபிடிக்க முடியாது.

ஈ.கோலி என்பது குடலில் வாழும் ஒரு கிருமி. பெரும்பாலும் கெடுதல் செய்யாது. அதில் ஒரு கெட்ட ரகத்தை 1982-ம் ஆண்டில் டாக்டர்கள் முதலில் அடையாளம் கண்டார்கள். மாட்டின் குடலில் அது இருக்கும். மாட்டுக்கு ஒன்றும் செய்யாது. குழந்தையின் வயிற்றுக்குள் போனால், ரத்தபேதி உண்டாக்கி, சிறுநீரகத்தையே கெடுத்துவிடும்.

தோலை உரிக்கும்போது தோலில் ஒட்டிய சாணம் இறைச்சியில் படுகிறது. குடல் கிழிந்தாலும் அப்படியே. ஒரு மாட்டை வெட்டிய கத்தி அடுத்த மாட்டுக்கும் கிருமியைக் கொண்டு போகிறது.

முழுத் துண்டு இறைச்சியில் கிருமி மேலே இருக்கும். நெருப்புப் பட்டதும் செத்துவிடும். கொத்துக்கறி அப்படி அல்ல. பல மாடுகளின் இறைச்சி ஒன்றாக அரைபடுகிறது. மேலே இருந்த கிருமி உள்ளே போய்விடுகிறது. நடுப்பகுதி வரை 71 டிகிரி சென்டிகிரேடு சூடு ஏறினால்தான் சாகும்.

1993-ம் ஆண்டு தொடக்கத்தில், அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் கொத்துக்கறி அடை வைத்த ரொட்டியைத் தின்ற 700 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அந்த இறைச்சி சரியாக வேகவில்லை. ஆனால் சர்க்கார் பரிசோதனை முடிந்து வந்த இறைச்சிதான் அது!

மறு ஆண்டு, அந்தக் கிருமி உள்ள பச்சைக் கொத்துக்கறியை விற்கக்கூடாது என்று சர்க்கார் உத்தரவு போட்டது. 1996-ல் கசாப்புக்கூடங்களில் கிருமிப் பரிசோதனையும் கட்டாயம் ஆயிற்று. சிங்க்ளேரின் சட்டம் பிறந்து அப்போது 90 ஆண்டுகள் ஆகியிருந்தன.

சக்கர நாற்காலியில்

இதை எல்லாம் பார்க்கச் சிங்க்ளேர் இல்லை. அவருடைய பிற்கால வாழ்க்கையும் ஒரு கதைதான்.

"காடு" நாவலில் கிடைத்த பணத்தைப் போட்டு, எழுத்தாளர்கள் கூடி வாழ ஒரு பெரிய மாளிகை வாங்கினார். சில மாதங்களில் அது தீப்பிடித்து எரிந்தது. 1934-ல் கலிபோர்னியா கவர்னர் பதவிக்குப் போட்டியிட்டார். 8 லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்தும் தோற்றார். விடாமல் எழுதினார். 1943-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. மொத்தம் 80-க்கு மேல் புத்தகங்கள். ஆனாலும் ஜனங்கள் மறக்காதது, 27 வயதில் வெளியிட்ட அந்த ஒரு புத்தகத்தைத்தான்.

1906-ம் ஆண்டுச் சட்டம், ஒரு மாநிலத்தில் அறுத்து அதே மாநிலத்தில் விற்கும் இறைச்சிக்குப் பொருந்தாமல் இருந்தது. அந்த ஓட்டையை அடைக்க 1967-ம் ஆண்டு டிசம்பர் 15-ந்தேதி ஜனாதிபதி ஜான்சன் புதிய சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதைப் பார்க்க வெள்ளை மாளிகைக்கு ஒரு விருந்தாளியை அழைத்திருந்தார்கள். சக்கர நாற்காலியில் வந்தார், 89 வயதுக் கிழவர் சிங்க்ளேர்.

அடுத்த ஆண்டு நவம்பர் 25-ந்தேதி, நியூஜெர்சி மாநிலத்தில் அவர் காலமானார். அவரது உடல் வாஷிங்டன் நகரில் அடக்கம் செய்யப்பட்டது.