மிதிவண்டி வீரர் மேஜர் டெய்லர்

நம் பிரிட்ஜ்வாட்டரை அடுத்துள்ள சோமர்வில் நகரில், மெமோரியல் டே விடுமுறையையொட்டி நடைபெறும் மிதிவண்டிப் பந்தயத்தை நம் பள்ளிச் சிறுவர் சிறுமியர் பலரும் கண்டிருப்பர். 1940ஆம் ஆண்டு தொடங்கிய பந்தயம் அது. அதனைக் காணும்போது, மிதிவண்டி வீரருள் தலைசிறந்தவர் யார் என்னும் வினா இயல்பாகவே எழும். பிரிட்டனில் பெரில் பர்ட்டனா, கிறிஸ் ஹோயா என வழக்காடுவோர் உளர். அமெரிக்காவின் பழங்கால வீரர்களை எண்ணும்போது இருவர் முன்னிற்கின்றனர். ஒருவர் நம் மாநிலத்து ஈஸ்ட் ஆரஞ்சில் வாழ்ந்த ஃபிராங்க் கிரேமர். மற்றவர் மேஜர் டெய்லர்.

மார்ஷல் வால்ட்டர் டெய்லர் 1878ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் இண்டியானாபொலிஸ் நகரில் பிறந்தார். கறுப்பினத்தைச் சேர்ந்த அவர்தம் தந்தையார், செல்வந்தர் இல்லமொன்றில் குதிரைவண்டி ஓட்டி வந்தார். அவ்வீட்டுச் சிறுவனின் விளையாட்டுத் தோழனானதால் டெய்லருக்கு ஒரு மிதிவண்டி கிட்டியது. பின்னர் மிதிவண்டிக் கடையொன்றின் வாயிலில் படைவீரர் உடையணிந்து வித்தைகள் காட்டினார். அவ்வுடையே அவருக்கு மேஜர் என்ற பெயரை ஈட்டித் தந்தது.

அவருடைய திறமையை உணர்ந்தவர் லூயி மங்கர் என்னும் முன்னாள் வீரர். 1895ஆம் ஆண்டு அவர் டெய்லரை மாசசூசெட்ஸ் மாநிலத்து ஊஸ்டர் நகருக்கு அழைத்துச் சென்றார். அதற்கு முந்தைய ஆண்டிலேயே, வெள்ளையரல்லாதார் உறுப்பினராகக் கூடாதென அமெரிக்க மிதிவண்டியாளர் சங்கம் விதி வகுத்திருந்தது. 1897ஆம் ஆண்டு தென்மாநிலத் திடல்கள் அவருக்குக் கதவடைத்தமையால் தேசியப் பட்டத்திற்கான போட்டிகளை அவரால் முடிக்க இயலவில்லை. அதே ஆண்டு டான்ட்டன் நகரில், பந்தயம் முடிந்ததும் தோற்ற வீரரொருவர் அவரைக் கீழே தள்ளி, நினைவிழக்கும் வரை கழுத்தை நெரித்தார்.

டெய்லர் ஓட்டத்தை நிறுத்தவில்லை. 1899ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மான்ட்ரியாலில் ஒரு மைல் ஓட்டத்தில் உலகப் பட்டம் வென்றார். 1901இல் பாரிஸ் சென்று, பிரான்சின் வீரர் ஜாக்லினிடம் முதலில் தோற்று, சில நாள்களில் மறு போட்டியில் அவரை வென்றார். ஞாயிறு இறைவழிபாட்டுக்குரிய நாளாதலால், எவ்வளவு பொருள் தருவதாகக் கூறினும் அந்நாளில் ஓட மறுத்து வந்தார். அவருக்காகப் பந்தய நாள்களே மாற்றப்பட்டன.

1910ஆம் ஆண்டு அவர் ஓய்வு பெற்றார். தொழில்களில் இழப்பு நேர்ந்து ஈட்டிய செல்வம் கரைந்தது. தாமே எழுதிய வாழ்க்கை வரலாற்று நூலை வீடுவீடாகச் சென்று விற்றார். 1932ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள், சிகாகோ மருத்துவமனையொன்றின் ஏழையர் பிரிவில் மறைந்தார். பெயர்ப்பலகையும் இன்றி அடக்கம் செய்யப்பட்டவரை, 1948இல் பழைய பந்தய வீரர்கள் தேடிச் சென்று, முறையான கல்லறையில் இட்டுச் சிறப்பித்தனர். சோமர்வில்லில் தோன்றிப் பின்னர் கலிபோர்னியாவின் டேவிஸ் நகருக்கு மாறிய அமெரிக்க மிதிவண்டிப் புகழ்மன்றம், 1989இல் அவரை ஏற்றுக் கொண்டது.

இனி நம் வினாவுக்கு வருவோம். கிரேமர் 1901 முதல் 1916 வரை இடைவிடாது அமெரிக்கப் பட்டம் வென்றவர். 1912இல் நியூவார்க் நகரில் உலகப் பட்டமும் பெற்றவர். பட்டங்களை மட்டும் எண்ணினால் அவரே முந்துவார். அவர்தம் பெருமையைக் குறைத்தல் நம் நோக்கமன்று. ஆயினும், ஒருவருக்கு எல்லாத் திடல்களும் திறந்திருக்க, மற்றவருக்குப் பல மூடப்பட்டிருக்க, எண்ணிக்கை எங்ஙனம் நேர்மையான துலாக்கோல் ஆகும்? ஓட விடாத பந்தயங்களின் வெற்றிகள் எந்த ஏட்டிலும் பதிவாவதில்லை. ஆகவே, எமது கருத்தில் டெய்லரே தலைசிறந்தவர்.

பெற்றோராகிய நாம், பிள்ளைகள் கொணரும் மதிப்பெண்களையும் கோப்பைகளையும் எண்ணியே மகிழப் பழகிவிட்டோம். அவற்றைப் பெற அவர்கள் கடந்து வந்த தடைகளையும் கேட்டறிவோமாக. வகுப்பில் பெயராலோ நிறத்தாலோ ஒதுக்கப்படும் தோழன் எவனேனும் இருப்பின், அவனுக்கு ஒரு மங்கராக நம் மாணவர் துணை நிற்பாராக. வள்ளுவப் பெருந்தகை பொறையுடைமைக்கும் ஆள்வினையுடைமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். அவ்விரண்டையும் ஒருங்கே தம் வாழ்வில் காட்டியவர் மேஜர் டெய்லர். அடுத்த முறை சோமர்வில் வீதியில் மிதிவண்டிகள் விரைந்தோடக் காணும்போது, அவரையும் நினைவு கூர்வோமாக!