ஆஸ்கர் பார்னாக்

கடையில் அச்சிட்டு வாங்கும் புகைப்படம் நான்கு அங்குலத்துக்கு ஆறு அங்குலமாய் இருப்பதேன் என்று நாம் வினவுவதில்லை. காகிதம் அப்படித்தான் வரும் என எண்ணி வாளாவிருக்கிறோம். ஆனால் அவ்விரண்டுக்கு மூன்று என்னும் விகிதம் ஒரு மனிதரின் பட்டறையில் பிறந்தது. அவர் புகழ்பெற்ற ஓவியரல்லர்; நோயால் நலிந்த ஓர் இயந்திரத் தொழிலாளர். ஜெர்மானியராகிய ஆஸ்கர் பார்னாக் என்பார் அவர்.

இவர் 1879-ம் ஆண்டு நவம்பர் மாதம் முதல் தேதி பிராண்டன்பர்க் பகுதியிலுள்ள லீனோ என்னும் சிற்றூரில் பிறந்தார். மலையும் மரமும் தீட்டும் ஓவியராக வேண்டும் என்பதே இவரது இளமை அவா. ஆயினும் பிழைப்பை முன்னிட்டு நுண்கருவித் தொழிலைக் கற்று, 1902-ம் ஆண்டு யேனா நகரிலிருந்த கார்ல் ஸைஸ் தொழிற்சாலையில் அமர்ந்தார்.

விடுமுறை நாட்களில் துரிஞ்சியக் காடுகளில் உலவிப் படம் எடுப்பது இவருக்குப் பெருவிருப்பம். அக்காலத்துக் காமிராவோ எளிய பொருளன்று. பதின்மூன்றுக்குப் பதினெட்டு சென்டிமீட்டர் அளவுள்ள கண்ணாடித் தகடுகள், அவற்றைத் தாங்கும் பெட்டி, முக்காலி ஆகிய யாவற்றையும் சுமந்து மலையேற வேண்டும். பார்னாக்குக்கோ சுவாசகாசம் என்னும் கொடிய நோய் இருந்தது. பத்தடி ஏறினால் மூச்சிரைக்கும் ஒருவர் அச்சுமையை எவ்வாறு தாங்குவார்? படம் எடுப்பதை விட்டொழிப்பது, அன்றேல் சுமையை விட்டொழிப்பது என்னும் இரண்டே வழிகள் அவர் முன் நின்றன. பெரிய தகட்டைப் பல கூறாக்கிச் சிறு படங்கள் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தார். படம் மணல் மணலாய்ச் சிதைந்தது.

1911-ம் ஆண்டு, நண்பர் எமில் மெகாவ் பரிந்துரைத்தபடி, வெட்ஸ்லார் நகரில் நுண்ணோக்கி செய்யும் லைட்ஸ் தொழிற்சாலையை அடைந்தார். அங்குச் சலனப்படக் கருவி அமைக்கும் வேலையில் ஈடுபட்டபோது அவர் நாடிய பொருள் கைக்கு எட்டிற்று. சலனப்படப் பிலிமின் அகலம் 35 மில்லிமீட்டர். இருபுறத் துளைகளும் போக எஞ்சுவது 24. அப்பிலிம் மேலிருந்து கீழாக ஓடுமாதலின், படம் ஒவ்வொன்றும் 24 அகலமும் 18 உயரமும் கொண்டது. அது தமக்குப் போதாதென்று கண்ட பார்னாக், பிலிமைப் பக்கவாட்டில் ஓடச்செய்து, இரண்டு படங்களின் இடத்தை ஒன்றாக்கினார். பதினெட்டும் பதினெட்டும் முப்பத்தாறு; ஆகவே 24-க்கு 36. இன்று நம் கண்ணுக்குப் பழகிப்போன சட்டம் இங்ஙனம் பிறந்தது. அழகு நூல்களை ஆராய்ந்து வகுத்த விகிதமன்று இது. இருந்த பிலிமில் எடுக்கக் கூடிய இடத்தையெல்லாம் எடுத்துக்கொண்ட சிக்கனமே.

பழைய தகட்டின் பரப்பு இதைப்போல் இருபத்தேழு மடங்கு. ஆதலின் சிறு படத்தைப் பெரிதாக்கினும் கூர்மை குன்றாத வில்லை தேவைப்பட்டது. அதனை அமைத்தவர் அதே தொழிற்சாலையைச் சேர்ந்த மாக்ஸ் பெரெக். படத்தின் மூலைவிட்டம் ஏறத்தாழ 43 மில்லிமீட்டர். பெரெக் அமைத்த வில்லையின் குவியத் தூரம் அதனினும் சற்று மிக்க 50. மிக விரிவும் மிக ஒடுக்கமும் இன்றி, எதிர் நிற்பதை இயல்பாய்க் காட்டுவது அது.

1914-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், யுத்த அறிவிப்பு ஒட்டப்பட்ட வேளையில், வெட்ஸ்லார் வீதியில் பார்னாக் தமது மாதிரிக் கருவியால் படம் எடுத்தார். 1920-ம் ஆண்டு வெள்ளம் புகுந்தபோதும் எடுத்தார். முக்காலி நாட்டிக்கொண்டிருந்தால் அக்காட்சிகள் காத்திருக்குமா? யுத்தமும் அதன் பின் வந்த வறுமையும் கருவியை விற்பனைக்குக் கொணரத் தடையாயின. இச்சிறு பொருளை யார் வாங்குவரென்று ஐயுற்றோரும் இருந்தனர். 1924-ம் ஆண்டு முதலாளி இரண்டாம் எர்ன்ஸ்ட் லைட்ஸ், அதனைச் செய்தே தீர்வதென்று முடிவு கட்டினார். மறு ஆண்டு லைப்ஸிக் சந்தையில் லைக்கா என்னும் பெயரோடு அது வெளிவந்தது.

1930-ம் ஆண்டு முதல் வில்லையைக் கழற்றி மாற்றவும் இயன்றது. 35 மில்லிமீட்டர் வில்லை குறுகிய அறையையும் அடக்கும். 135 தொலைவை அருகிற் கொணரும். ஆயினும் விரிந்த வில்லையால் ஒருவர் முகத்தைச் சட்டம் நிரம்ப எடுக்க மிக நெருங்க வேண்டுமாதலின், மூக்குப் பருத்துத் தோன்றும். புதிதாய்ப் படம் பிடிப்போர் வில்லையைக் குறை கூறுவர். குறை அவர்கள் நின்ற இடத்தில். வேறொன்றும் சொல்லலாம். பார்னாக்கின் சட்டம் வயலுக்கும் வீதிக்கும் ஏற்றதேனும், நிறுத்திப் பிடித்தால் மிக நெடியது. தனியொருவர் படத்தில் தலைக்கு மேல் வீணே வெளி மிகும் என்பது எம் எண்ணம்.

1936-ம் ஆண்டு ஜனவரி 16-ம் தேதி, பாட் நௌஹைம் என்னும் ஊரில், ஐம்பத்தாறாம் வயதில் பார்னாக் இறந்தார். இன்று பிலிம் அருகிவிட்டது. எனினும் பெரிய காமிராக்களின் மின்னணுத் தகடு அதே 24-க்கு 36. கைப்பேசி வில்லைகளின் விரிவையும் அச்சட்டத்தைக் கொண்டே அளந்து கூறுகின்றனர். கைப்பேசிப் படமோ பெரும்பாலும் மூன்றுக்கு நான்கு: பார்னாக் இரட்டித்தாரே, அப்பழைய சலனப்படச் சட்டத்தின் விகிதம்.