பொம்மை வீரர்களை வைத்து ஒரு போர்! யார் இந்த எச்.ஜி.வெல்ஸ்?

நவராத்திரி வந்தாலே தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் பல வீடுகளில் கொலுப்படிக்குக் கீழே ஒரு குட்டி ஊரே முளைத்துவிடும். மணலில் மலை, கண்ணாடியில் குளம், கேழ்வரகு முளைவிட்ட புல்வெளி. அப்படி ஒரு ஊரில் பொம்மை வீரர்களை இறக்கி, விதிமுறையோடு சண்டை போட வைத்தால் எப்படி இருக்கும்? அதுதான் 'மினியேச்சர் வார்கேம்'. அதைப் பிரபலமாக்கியவர் 'தி டைம் மெஷின்' நாவல் எழுதிய எச்.ஜி.வெல்ஸ்.

1866-ல் இங்கிலாந்தின் பிராம்லியில் பிறந்தவர். அப்பாவுக்குச் சின்ன கடை, வருமானம் கம்மி. அதனால் பதின்ம வயதிலேயே ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனார். பிறகு படித்து ஆசிரியராகி, எழுத்தாளரானார்.

வீட்டில் மகன்களின் ஸ்பிரிங் பீரங்கிதான் ஆரம்பம். தரையில் தடித்த புத்தகங்கள் மலையாகின, மரக்கட்டைகள் வீடாகின, குச்சிகள் மரமாகின. பீரங்கியின் மரக்குண்டு பட்டு விழுந்த வீரர் அவுட்!

இந்த விதிகளை 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகமாக்கினார். நோக்கம் போரைப் புகழ்வது இல்லை. பொம்மைப் போரிலேயே இவ்வளவு குளறுபடி என்றால், நிஜப் போர் எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று புரியும் என நம்பினார்.

ஆனால் அடுத்த வருஷமே முதல் உலகப்போர் வெடித்தது. அதே 1914-ல் வெளியான தன் நாவலில் அணுகுண்டையும் கற்பனை செய்திருந்தார். 1945-ல் ஹிரோஷிமாவில் அது நிஜமானபோது வெல்ஸ் உயிரோடு இருந்தார். மறு வருஷம், 1946 ஆகஸ்ட் 13-ல் லண்டனில் காலமானார்.