மூளையின் கடிவாளத்தை வரைந்தவர்

நம் மூளையில் கோடிக்கணக்கான நரம்பு செல்கள் இருக்கின்றன. ஒன்று மற்றொன்றைத் தட்டி எழுப்பிக்கொண்டே இருக்கிறது. எல்லாச் செல்களும் ஒரே சமயத்தில் விழித்துக்கொண்டு துடித்தால் என்ன ஆகும்? வலிப்பு வந்துவிடும்!

அதைத் தடுப்பதற்கென்றே சில செல்கள் உள்ளன. பெருமூளையின் மேல்பட்டையில் சுமார் ஐந்தில் ஒரு செல் இந்த வகை. மற்றச் செல்களுக்குக் கடிவாளம் போடுவதுதான் அவற்றின் வேலை.

இந்தச் செல்கள் பலவற்றின் உருவத்தை முதல் முதலில் நுணுக்கமாக வரைந்து காட்டியவர், ஸ்பெயின் நாட்டு டாக்டர் சாண்டியாகோ ரமோன் இ கஹால்.

முரட்டுப் பையன்

கஹால் 1852-ம் ஆண்டு மே மாதம் 1-ந் தேதி ஒரு மலைக் கிராமத்தில் பிறந்தார். தந்தை டாக்டர், கண்டிப்பானவர். மகனோ பொல்லாத குறும்புக்காரன்.

மரக்கட்டையைக் குடைந்து பீரங்கி செய்தான். வெடி மருந்தை அடைத்துச் சுட்டான். அடுத்த வீட்டுக் கதவு தூள் தூளானது! பையனைச் சிறையில் அடைத்தார்கள். தந்தையும் அதற்குச் சம்மதித்தார். அப்போது கஹாலுக்கு வயது 11.

குறும்பைக்கூட தந்தை பொறுத்துக்கொண்டிருப்பார். படம் வரையும் பைத்தியத்தைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. கண்ட இடமெல்லாம் படம்! ஓவியம் சோறு போடாது என்பது தந்தையின் எண்ணம். மகனை முடி திருத்தும் கடையிலும், பிறகு செருப்புத் தைக்கும் கடையிலும் வேலைக்கு விட்டுப் பார்த்தார். வரைவது நிற்கவில்லை.

கடைசியில் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. 1868-ல் மகனை இடுகாட்டுக்கு அழைத்துப் போனார். எலும்புகளைப் பொறுக்கி வந்து, ஒவ்வொன்றாக வரையச் சொன்னார். பையன் ஆசையோடு வரைந்தான். அப்படியே உடற்கூறு பாடமும் மனதில் பதிந்தது. 1873-ல் டாக்டர் பட்டம் பெற்றுவிட்டான்.

கறுத்த செல்

பட்டாளத்து டாக்டராகக் கியூபாவுக்குப் போன கஹால், மலேரியாவோடு திரும்பி வந்தார். அங்கே சேர்த்த பணத்தில் ஒரு மைக்ராஸ்கோப் வாங்கினார்.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் மூளை அப்போது யாருக்கும் புரியவில்லை. சிக்கு விழுந்த நூல்கண்டுபோல் இருந்தது. எந்த இழை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாது.

இத்தாலி நாட்டு டாக்டர் கோல்ஜி 1873-ல் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். மூளைத் துண்டை மருந்தில் ஊறவைத்து, பிறகு சில்வர் நைட்ரேட் கரைசலில் போட வேண்டும். ஆயிரக்கணக்கான செல்களில் ஒன்றிரண்டு மட்டும் கறுத்துவிடும். சிக்கலில் ஒரே ஒரு நூல் மட்டும் தனியாகத் தெரிவது போல! ஆனால் பல தடவை செய்தால் ஒரு தடவைதான் பலிக்கும். அதனால் பலர் அதைக் கைவிட்டிருந்தார்கள்.

1887-ல் மாட்ரிட் நகரில் ஒரு நண்பர் வீட்டில் கஹால் அதைப் பார்த்தார். விடவில்லை. இரண்டு தடவை ஊறவைத்துப் பார்த்தார். பறவைக் குஞ்சுகளின் மூளையை எடுத்துப் பார்த்தார். செல்கள் பளிச்சென்று தெரிந்தன. வரைந்து தள்ளினார்.

ஒவ்வொரு செல்லும் தனித்தனி. தொடுவதுபோல் நெருங்குமே தவிர, ஒன்றோடு ஒன்று ஒட்டுவதில்லை. இதை 1888-ல் தன் சொந்தச் செலவில் அச்சடித்து வெளியிட்டார். 60 பிரதிகள்தான்! அவருடைய குடும்பமோ பெரியது. அந்தச் செலவைச் செய்ய எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

பரிசு மேடையில் சண்டை

ஸ்பெயின்காரர் சொன்னதை வெளிநாட்டில் யாரும் கவனிக்கவில்லை. கஹால் 1889-ல் தானே பெர்லின் போனார். பெரிய விஞ்ஞானியான கோலிக்கரைத் தன் மைக்ராஸ்கோப்புக்கு அழைத்து வந்து காட்டினார். கிழவர் அசந்து போனார். கஹால் எழுதியதைப் படிப்பதற்காகவே ஸ்பானிஷ் மொழி கற்றுக்கொண்டார்.

1906-ல் கஹாலுக்கும் கோல்ஜிக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள். மூளை முழுவதும் ஒரே வலை என்பது கோல்ஜியின் கட்சி. பரிசு பெற்ற இடத்திலேயே, கஹாலின் கொள்கையைத் தாக்கிப் பேசினார்! யார் சொன்னது சரி என்பது, 1950-களில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் மூலம் தெளிவாகத் தெரிந்தது. வென்றவர் கஹால். தனித்தனிச் செல்லாக இருந்தால்தானே ஒன்று மற்றொன்றுக்குக் கடிவாளம் போட முடியும்?

குட்டை இழைச் செல்கள்

1899 வாக்கில் அவர் மனித மூளையின் மேல்பட்டையை ஆராய்ந்தார். பெரிய செல்களின் இழை வெகுதூரம் போகிறது. வேறு சில செல்களின் இழையோ பக்கத்திலேயே கிளைவிட்டு முடிந்துவிடுகிறது. இந்தக் குட்டை இழைச் செல்கள் மனிதனிடம் ஏராளமாக இருப்பதைக் கண்டார். மனித அறிவின் நுட்பத்துக்கு இவைதான் காரணம் என்று நம்பினார். ஆனால் அவை செய்யும் வேலை இன்னதென்று அவருக்குத் தெரியாது. தெரியாமலேயே 1934-ம் ஆண்டு அக்டோபர் 17-ந் தேதி மாட்ரிட்டில் காலமானார்.

1950-ல் மூளையில் காபா என்ற ரசாயனம் இருப்பது தெரிந்தது. குட்டை இழைச் செல்களில் பெரும்பாலானவை அதைச் சுரந்துதான் மற்றச் செல்களை அடக்குகின்றன என்பது பிறகு வெளிப்பட்டது.

கஹால் கண்ணிலும் படாத ஒரு வகை இருந்தது. 1970-களில் ஹங்கேரி விஞ்ஞானி சென்டகொத்தாய் அதற்குச் சரவிளக்கு செல் என்று பெயர் வைத்தார். அதன் இழைகள் சரவிளக்கில் மெழுகுவத்திகள் நிற்பதுபோல் வரிசையாக முடிகின்றன. அந்த மெழுகுவத்தி ஒவ்வொன்றும் பெரிய செல்லிலிருந்து இழை புறப்படும் இடத்திலேயே போய் உட்காருகிறது என்று 1977-ல் அதே நாட்டு சோமோகி கண்டுபிடித்தார். செய்தி வெளியே கிளம்பும் வாசல் அது.