மின்சாரத் துறையில் அண்ணல் அம்பேத்கர்



அண்ணல் அம்பேத்கர் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது அரசியல் சட்டம்தான். கோட்டு போட்டு, கையில் புத்தகத்தோடு, விரல் நீட்டி நிற்கும் அந்தச் சிலையைப் பஸ்ஸில் போகும்போது பார்க்காதவர்கள் நம்மில் யாரும் இருக்க முடியாது. ஆனால் எலெக்ட்ரிகல் டிப்ளமோ படிக்கிற நான் அவரை நம்ம டிபார்ட்மெண்ட் ஆளாகவும் பார்க்கிறேன். டாரிஃப் பாடத்தில் மேக்ஸிமம் டிமாண்ட் வரும், டூ பார்ட் டாரிஃப் வரும், அவர் பெயர் மட்டும் வராது. அதனால்தான் இந்த மலரில் எழுதுகிறேன்.

1891 ஏப்ரல் 14 அன்று மத்திய இந்தியாவில் உள்ள மோவ் என்ற ராணுவ ஊரில் பிறந்தார். அப்பா ராணுவத்தில் சுபேதார். பதினான்காவது பிள்ளை. பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகளோடு உட்கார விடவில்லை. வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கை விரித்துத் தனியாகத்தான் உட்கார வேண்டும். தாகம் எடுத்தால் பியூன் வந்து குழாயைத் திறந்துவிட வேண்டும், பியூன் வராத நாளில் தண்ணீர் கிடையாது. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். எங்கப்பா இன்றைக்கும் அடுத்தவர் திராட்சைத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர். இந்தக் குழாய்க் கதையைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பரோடா மகாராஜாவின் உதவித்தொகையில் 1913 இல் அமெரிக்கா போய் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும், பிறகு லண்டனிலும் படித்தார். சட்டம் மட்டும் படித்தார் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் வாங்கிய டாக்டர் பட்டங்கள் பொருளாதாரத்தில்! ரூபாயின் மதிப்பைப் பற்றி 1923 இல் புத்தகமே எழுதியவர். எந்தத் திட்டமானாலும் பணம் யார் கொடுப்பது, பலன் யாருக்குப் போவது என்று பார்க்கிற பழக்கம் அங்கிருந்து வந்தது என்பது என் எண்ணம்.

1942 ஜூலையில் வைஸ்ராயின் நிர்வாகக் கவுன்சிலில் தொழிலாளர் துறை உறுப்பினர் ஆனார். இன்றைய மத்திய மந்திரி மாதிரி. எட்டு மணி நேர வேலைக்கு அவர் பாடுபட்டது நிறையப் பேருக்குத் தெரியும். அதே இலாகாவில்தான் மின்சாரமும் நீர்ப்பாசனமும் இருந்தன என்பது தெரியாது.

அப்போது நடப்பில் இருந்தது 1910 ஆம் வருட மின்சாரச் சட்டம். ஒரு கம்பெனி லைசென்ஸ் வாங்கி ஒரு ஊருக்குக் கரண்ட் கொடுக்கும். வீடும் கடையும் நெருக்கமாக இருக்கிற டவுனுக்கு வருவார்கள், கிராமத்துக்கு எதற்கு வருவார்கள்? நம் சென்னை மாகாணம் பரவாயில்லை. பைக்காரா 1932, மேட்டூர் 1937, பாபநாசம் 1944 என்று அரசாங்கமே நீர்மின் நிலையம் கட்டியது. மற்ற மாகாணங்கள் பலவற்றில் அதுவும் இல்லை.

1943 அக்டோபரில், யுத்தத்துக்குப் பிறகு மின்சாரத்தை எப்படி வளர்ப்பது என்று பார்க்க அமைத்த கொள்கைக் குழுவில் அவர் தலைமை ஏற்றுப் பேசினார். அன்று அவர் கிளப்பிய கேள்விகளைப் பாருங்கள். மின்சாரம் தனியார் கையில் இருக்க வேண்டுமா, அரசாங்கத்தின் கையிலா? தனியார் என்றால் பொதுமக்கள் நலனுக்கு என்ன நிபந்தனை போடுவது? பொறுப்பு மத்திய அரசுக்கா, மாகாணத்துக்கா? ஒரு பக்கமாகப் பிடிவாதம் பிடிக்கவில்லை. தாராளமாக, மலிவாக, வீணாகாமல் மின்சாரம் கிடைக்க எது வழி என்றுதான் கேட்டார். ஏழை நாடு தொழிலில் வளர்ந்து வறுமையிலிருந்து வெளியே வர அதுதான் அடிப்படை என்று சொன்னார். பிற்பாடு 1947 இல், முக்கியத் தொழில்கள் அரசாங்கத்திடமே இருக்க வேண்டும் என்று எழுதினார்.

1944 இல் மத்திய மின் தொழில்நுட்ப வாரியம் அமைந்தது. இன்றைய மத்திய மின்சார ஆணையத்துக்கு அதுதான் முன்னோடி. ஆறு ஒரு மாகாணத்தோடு நிற்பதில்லை, ஆகவே சேர்ந்துதான் திட்டம் போட வேண்டும் என்றும் வாதாடினார். தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டம் அப்படி உருவானது. நம்ம முல்லைப் பெரியாறு தண்ணீரில் கரண்ட் எடுக்க சென்னை மாகாணத்துக்கு உரிமை இல்லை என்று 1941 இல் நடுவர் தீர்ப்புச் சொன்னதை நினைத்தால், அந்த வாதத்தின் அருமை நம் பள்ளத்தாக்குக்காரனுக்குப் புரியும்.

1948 இல் மின்சார வழங்கல் சட்டம் வந்தது. அப்போது அந்தத் துறை மந்திரி காட்கில். ஆனால் அதற்கு அடித்தளம் போட்டது அம்பேத்கர் காலத்து வேலைதான். ஒவ்வொரு மாநிலத்திலும் மின்சார வாரியம் வந்தது. தனியார் கம்பெனி இவ்வளவுதான் லாபம் எடுக்கலாம் என்ற வரம்பும் அந்தச் சட்டத்தில் இருந்தது. அரசியல் சட்டத்தில் மின்சாரம் பொதுப்பட்டியலில், 38 ஆவது இடத்தில் இருக்கிறது. 1956 டிசம்பர் 6 அன்று அண்ணல் மறைந்தார். அடுத்த வருஷம் ஜூலை முதல் தேதி நம் மாநிலத்தில் மின்சார வாரியம் பிறந்தது. 1958 இல் லோயர் கேம்ப் பெரியாறு பவர் ஹவுஸ் ஓட ஆரம்பித்தது. குமுளி மலைப் பாதையில் போனால் அதன் ராட்சசக் குழாய்களைப் பார்க்கலாம்.

வாரியம் எப்படி நடந்தது? பஸ்ஸை வைத்துச் சொல்கிறேன். தேனி - கம்பம் ரூட்டில் நிற்க இடம் இருக்காது. மலையடிவார ஊருக்குப் போகிற பஸ்ஸில் பத்துப் பேர். இந்த வசூலை வைத்து அந்த பஸ்ஸை ஓட்டுகிறார்கள். அதே மாதிரி ஆலைக்கு யூனிட் விலை கூட, வீட்டுக்குக் குறைவு, குடிசைக்கு இலவசம். 1990 முதல் விவசாய மோட்டாருக்கும் இலவசம். (கிணறு வைத்திருப்பவருக்குத்தான் அந்த இலவசம். கிணறே இல்லாத எங்கப்பாவுக்கு அது எப்படி வரும் என்று அண்ணல் இருந்தால் கேட்டிருப்பார்.) வாரியங்கள் கடனில் விழுந்ததும் உண்மை. அதை மறைத்துப் பேசுவது சரியில்லை.

1991 இல் மின் உற்பத்திக்குத் தனியாரை அழைத்தார்கள். 1998 இல் ஒழுங்குமுறை ஆணையச் சட்டம் வந்தது, விலையை நிர்ணயிக்கிற வேலை ஆணையத்துக்குப் போனது. 2003 இல் புதிய மின்சாரச் சட்டம் வந்து, 1948 சட்டம் ரத்தானது. அனல்மின் நிலையம் கட்ட லைசென்ஸ் வேண்டாம். பெரிய ஆலைகள் வாரியத்தின் கம்பி வழியாகவே வேறு ஆளிடம் கரண்ட் வாங்கலாம். ஆண்டிபட்டிப் பக்கம் சுற்றுகிற காற்றாலைகள் சில, வேறு ஊர் ஆலைகளுக்கு ஓடுகிறவை. போட்டி வந்ததால் நம் காற்றுக்கும் விலை கிடைத்தது, நமக்கு வேலையும் கிடைக்கிறது. இதில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் கூட்டமான ரூட்டை வேறு ஆள் எடுத்துக்கொண்டால் மலையடிவார பஸ் என்ன ஆகும்? அதற்காகத்தான் வெளியே போகிற ஆலை ஒரு கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும் என்று அதே சட்டத்தில் வைத்தார்கள். அதைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்றும் வைத்தார்கள். 2022 ஆகஸ்டில் இன்னொரு மசோதா மக்களவைக்கு வந்தது. ஒரே ஏரியாவில் பல கம்பெனிகள் ஒரே கம்பியில் கரண்ட் விற்கலாம் என்பது அதன் சாரம். நிறைவேறாமலே 2024 இல் அந்த மக்களவையோடு காலாவதியானது.

எங்க அப்பத்தா வீட்டுக்குக் கரண்ட் வந்தது குடிசைக்கு ஒரு விளக்குத் திட்டத்தில்தான். ஊருக்கு வெளியே இருக்கிற தெரு. அந்த ஒற்றை பல்புக்காக வாரியம் ஊரிலிருந்து போஸ்ட் ஊன்றிக் கம்பி இழுத்தது. அந்த பல்புக்கு எந்தக் கம்பெனி போட்டி போட்டு வரும் என்று யோசித்துப் பார்க்கிறேன். 1943 இல் அவர் கேட்ட இரண்டாவது கேள்வியும் இதைப் பற்றியதுதான்.