சிறையில் இருந்தபடியே தேர்தலை வென்ற குவாமே நிக்ரூமா

1951 பிப்ரவரி 8. மேற்கு ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷார் ஆண்ட கோல்ட் கோஸ்ட் நாட்டில் பொதுத்தேர்தல். அக்ரா மத்தியத் தொகுதியில் பதிவான 23,122 வாக்குகளில் 22,780 வாக்குகள் ஒரே வேட்பாளருக்கு விழுந்தன. அவரோ அப்போது ஜேம்ஸ் கோட்டைச் சிறையில் கைதி. அவர்தான் குவாமே நிக்ரூமா.

நிக்ரூமா பிறந்தது 1909-இல். தந்தை பொற்கொல்லர். ஆசிரியராகப் பணியாற்றிய பின் 1935-இல் அமெரிக்கா சென்று படித்தார். மீன் விற்றும், கப்பல் கட்டும் தளத்தில் உழைத்தும் படிப்பைத் தொடர்ந்தார்.

1947 இறுதியில் தாயகம் திரும்பினார். வழக்கறிஞர் டான்குவா உள்ளிட்டோர் நடத்திய கட்சியில் பொதுச்செயலாளரானார். அவர்களின் நிதானப் போக்கு அவருக்குப் பிடிக்கவில்லை. 1949-இல் தனிக்கட்சி கண்டார். உடனடித் தன்னாட்சி கோரி 1950 ஜனவரியில் வேலைநிறுத்தமும் புறக்கணிப்பும் தொடங்கினார்; மூன்றாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

வெளியே தோழர் கொம்லா பெடெமா பிரசாரத்தை முன்னின்று நடத்தினார். மக்கள் வாக்குக்கு விடப்பட்ட 38 இடங்களில் 34-ஐக் கட்சி கைப்பற்றியது. முன்பு நமது சரவாக்கில் ஆளுநராக இருந்த சார்லஸ் ஆர்டன்-கிளார்க்தான் அங்கும் ஆளுநர். அவர் பிப்ரவரி 12-ஆம் தேதி நிக்ரூமாவை விடுவித்து, அரசு அமைக்க அழைத்தார்.

1952-இல் பிரதமர். 1954, 1956 தேர்தல்களிலும் வெற்றி. 1957 மார்ச் 6-ஆம் தேதி நாடு கானா என்ற பெயரில் விடுதலை பெற்றது. மலாயா சுதந்திரம் பெற இன்னும் ஆறு மாதங்கள் இருந்தன. பள்ளிகள், தேமா துறைமுகம், அகொசொம்போ அணை என நாடு வளர்ந்தது.

ஆனால், 1958-இல் விசாரணையின்றிக் காவலில் வைக்கும் சட்டம் வந்தது. டான்குவாவும் அதில் சிக்கி, 1965-இல் சிறையிலேயே இறந்தார். 1964-இல் நிக்ரூமாவின் கட்சி மட்டுமே சட்டப்படி செல்லும் என்றானது. வாக்குப்பெட்டியால் சிறை மீண்டவர், மற்றவர்களுக்கு அந்த வழியை அடைத்துவிட்டார்.

1966 பிப்ரவரி 24-ஆம் தேதி, அவர் வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தபோது ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. கினி அவருக்கு அடைக்கலம் தந்தது. 1972 ஏப்ரல் 27-ஆம் தேதி ருமேனியாவில் காலமானார்.

விடுதலையை அவர் அறிவித்த அக்ரா மைதானத்தில் இன்று அவரது நினைவிடம் இருக்கிறது. ஜேம்ஸ் கோட்டையும் அதே நகரில்தான் நிற்கிறது.