அளவுகோல் அமைத்த அறிஞர் அல்பிரட் பினே

பிள்ளையின் அறிவை அளக்கப் புகுவோன் முதலில் தன் நாவை அடக்கக் கற்றல் வேண்டும். இவ்வுண்மையைத் தம் பிழையினாலேயே உணர்ந்து பிறர்க்கும் உணர்த்திய பெரியார் அல்பிரட் பினே ஆவர்.

1857ஆம் ஆண்டு யூலை 8ஆந் திகதி இன்றைய பிரான்சு தேசத்து நீசு நகரிற் பிறந்த பினே, சட்டம் பயின்றும் அத்தொழிலை நாடினாரல்லர். பாரிசு நகரத் தேசிய நூலகத்தில் உளநூல்களைத் தாமே கற்றார். பின்னர்ச் சார்க்கோ என்னும் பேராசிரியரின் சால்பெத்ரியேர் வைத்தியசாலையில், பெரே என்பாருடன் மனோவசிய ஆராய்ச்சியில் ஈடுபட்டார். வசியமுற்ற நோயாளியின் உடலில் ஒருபுறத்து உணர்ச்சியைக் காந்தத்தால் மறுபுறத்துக்கு மாற்றலாமென இருவரும் எழுதினர். பெல்சியத்து அறிஞர் தெல்பேவ் அதனை மறுத்தார். எதிர்பார்த்த விளைவை நோயாளியின் செவிகேட்கப் பேசியமையாலேயே அவ்விளைவு தோன்றிற்று. காந்தம் யாதும் செய்திலது. பினே ஈற்றில் பிழையை ஒப்புக்கொண்டார். சோதிப்போன் சொல் விடையினுட் புகுந்துவிடும் என்பதே அவர் பெற்ற பாடம்.

1894இற் சோர்போன் உளவியல் ஆய்வுகூடத்தின் தலைவரானார். வீட்டிலே தம் புதல்வியர் இருவரையும் பொறுமையோடு ஆராய்ந்தார். 1899இல் தியோடோர் சீமோன் என்னும் இளம் வைத்தியர் அவரிடம் பயில வந்தார். தலையை அளந்து அறிவை அறிய முயன்றும் அதனாற் பெரும்பயன் காணாது, இருவரும் வேறு வழி நாடினர்.

1904இற் பிரெஞ்சுக் கல்வியமைச்சு ஒரு குழுவை அமைத்தது. சாதாரண வகுப்பிற் பயன்பெறாத பிள்ளைகளுக்குத் தனிக் கல்வி வழங்குதல் அதன் நோக்கம். ஒரே பிள்ளையை ஒரு வைத்தியர் ஒருவாறும் மற்றவர் வேறொருவாறும் மதித்த காலம் அது. தவறாக மதிக்கப்பட்ட பிள்ளைக்கு வாழ்நாள் முழுதும் வடுவன்றோ! எனவே பினேயும் சீமோனும் 1905இல் 30 சோதனைகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டனர். எரியும் தீக்குச்சியைக் கண்ணாற் பின்தொடர்தல் முதலாகக் கருத்துப் பொருட் சொற்களின் வேறுபாடுணர்த்தல் ஈறாக அவை படிப்படியாய் ஏறின. 1908இல் அவற்றை வயதுவாரியாக வகுத்தனர்.

சோதனை நடத்தும் முறையையும் அவர்கள் கற்பித்தனர். அமைதியான தனியறை வேண்டும், பிள்ளையை அன்போடு வரவேற்று அச்சம் நீக்கல் வேண்டும், விடைக்குத் துணையாகும் ஒரு சொல்லும் கூறலாகாது, உடனிருப்போர் வாய்திறத்தலாகாது. பழகாதோன் கையில் அளவுகோல் பயன்படாது.

அறிவு மாறாதது என்னும் கொள்கையைப் பினே வன்மையாக மறுத்தார். பின்தங்கியோர்க்குக் கவனம், ஞாபகம் முதலியவற்றை வளர்க்கும் பயிற்சிகளை வகுத்தார். 1911 ஒற்றோபர் 18ஆந் திகதி, 54ஆம் வயதில் மறைந்தார். அதன்பின் அமெரிக்காவிற் சிலர் அவர் அளவுகோலைப் பிறவியறிவின் முத்திரையாக்கினர். உதவிதேடிச் செய்த கருவி ஒதுக்கிவைக்கும் கருவியாயிற்று.

நாமும் ஒரு தவணைப் புள்ளியைக் கண்ட மாத்திரத்தே ஒருவனை மொக்கன் என்று சொல்லிவிடுகின்றோம். அச்சொல்லைக் கேட்டவன் அவ்வாறே ஆகின்றான். காந்தத்தின் கதை நம் வகுப்பறையிலும் நிகழ்கின்றது. அளத்தல் கைகொடுத்தற்கே என்பதை ஆசிரியராகிய நாம் மறவாதிருப்போமாக.